பதில் பெட்டி

ஒரு வருஷமாகவே மில்லிமீட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வயிறு எரியும். காலையில் எழுந்ததும் லேசாக ஆரம்பிக்கும். மத்தியானம் சாப்பாடு முடிந்து, மனைவி கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொள்ளும்போது நன்றாகப் பற்றிக்கொள்ளும். இரண்டரை மணிக்கு அவள், "நான் போயிட்டு வரேங்க, சாயங்காலம் ஆயிடும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் மனிதர் வெந்து போய்விடுவார்.

அவள் போவது பேக்கரிக்காரர் வீட்டு மாடிக்கு. எதற்கு என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ரயில் ஓட்ட.

மில்லிமீட்டர் என்பது குட்டி ரயில் சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார், உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பல் கட்டுவார். ஒரு பல் அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும், மாட்டிக்கொண்டவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப் பழகிய கையை வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தில் ரயில் கட்டினால் எப்படி இருக்கும்? அவருடைய லேஅவுட்டில், அதாவது நாலு பலகை நீளத்துக்கு அவர் கட்டி வைத்திருந்த குட்டி ரயில் நிலையத்தில், பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளின் சட்டைக்குப் பொத்தான் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஐந்து பொத்தான், அதில் ஒன்று அறுந்திருக்கும்.

பதினோரு வருஷ வேலை அது. அதை அவர் மனைவி தொட்டது ஒரே ஒரு முறை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தூசி தட்டப்போய், தீக்குச்சி மொத்தமே இருந்த ஒரு சிக்னல் கையை உடைத்துவிட்டாள். மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு காகிதத்தில் ஆறு விதி எழுதி லேஅவுட்டின் பின்பக்கம் ஒட்டினார். முதல் விதி, "தொடாதே." வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். அது யாருக்கு எழுதியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவளும் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. தொடவில்லை, கேட்கவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. ஊரில் பெரிய கிளினிக் ஒன்றில் ரிசப்ஷனிஸ்ட். மூன்று டாக்டர், ஒரு எக்ஸ்ரே அறை, எண்பது நோயாளி, அதில் பாதிப் பேர் "எனக்கு முன்னாடி அவரை எப்படி விட்டே" என்று சண்டைக்கு வருகிறவர்கள். அத்தனை பேரையும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் உள்ளே அனுப்பி வெளியே எடுப்பாள். ஆனால் ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று மில்லிமீட்டருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

தோன்றியது பேக்கரிக்காரருக்கு. போன வருஷக் கண்காட்சியில்தான் வினை ஆரம்பம். அவள் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கயிற்றுக்கு வெளியே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஏதோ ஒரு பெட்டியின் சக்கரத்தைச் சோதித்தபடி, "அங்கயே நில்லு, வரேன்" என்றார். இருபது நிமிஷம் ஆயிற்று. எதிர் மேஜையில் பேக்கரிக்காரர் இரண்டு கையால் நாலு ரயிலை ஓட்டிக்கொண்டு திண்டாடினார். கூட ஓட்டுகிற அவர் தங்கை வந்து சேரவில்லை.

"அக்கா, சும்மாதானே நிக்கறீங்க. இந்தத் திருகியைக் கொஞ்சம் பிடிங்களேன். இந்தப் பக்கம் திருப்பினா போகும், அந்தப் பக்கம் திருப்பினா நிக்கும், அவ்வளவுதான்."

அவள் பிடித்தாள். சாப்பாட்டு டப்பா பேக்கரிக்காரர் மேஜைக்கு அடியில் ஆறிப்போயிற்று.

அந்த பேக்கரிக்காரர் லேஅவுட் இருக்கிறதே, அதை மில்லிமீட்டர் லேஅவுட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மரங்களெல்லாம் காலிஃபிளவர். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ் ஸ்டேஷனைவிடப் பெரியது. புகைவண்டியும் மின்சார வண்டியும் ஒரே தண்டவாளத்தில் உறவுக்காரர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஆனால் கூட்டம்? கூட்டமெல்லாம் அங்கேதான். இவருடைய லேஅவுட்டில் நிஜக் கால அட்டவணைப்படி பதினோரு நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும். பொதுஜனத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? பொத்தானைப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

கூட்டம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மனைவி போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது துணியில் வெனிலா வாசனை அடிக்கும். முகத்தில் ஒரு சிரிப்பு, தெருமுனையிலேயே முடிந்துபோன சிரிப்பின் மிச்சம், ஒட்டிக்கொண்டிருக்கும். மில்லிமீட்டர் பேப்பரைப் பார்த்தபடி கேட்பார்.

"இன்னிக்கு என்ன ஓட்டினீங்க?"

"கூட்ஸ் வண்டி. இருபத்திரண்டு வேகன். பிரிச்சு மூணு லைன்ல விடணும். ஒண்ணுகூட இடிக்காம விட்டேன்."

"எந்த எஞ்சின்?"

"பச்சையா இருக்குமே, அது."

"அந்தப் பச்சை எஞ்சின் ஓடின காலத்துல அந்த வேகனெல்லாம் பொறக்கவே இல்லை."

"அப்படியா?" என்பாள். "நல்லா இழுத்துச்சு."

அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

மாதக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். மருந்துக்கடைக்காரர் அவர், யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவர், அதனாலேயே எப்போதும் கெடுதல் செய்கிறவர்.

"சார், உங்க வீட்டம்மா கை இருக்கே! வேகனைக் கொண்டுபோய் நிறுத்தறது தெரியவே மாட்டேங்குது. நம்ம சங்கத்துல இப்ப அவங்கதான் நம்பர் ஒன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

மில்லிமீட்டர் முகத்தில் ஈயாடவில்லை. "ம்" என்றார். அந்த ஒரு பொய்க்கு வீடு போகும் வரை கூசினார், ஆனால் திருத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் அவரும் பின்னாலேயே போனார். உளவு பார்க்க என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ரொட்டி வாங்க என்று வைத்துக்கொள்வோம். பேக்கரிக்குப் பக்கத்துச் சந்தில், மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டார். மேலே இரண்டு அறை. நடுச்சுவரில் ஓட்டை போட்டு, ரயில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும். இந்த அறைக்காரருக்கு அந்த அறை தெரியாது. அதனால் நிஜ ரயில்வேயில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் செய்கிற மாதிரி மணி அடித்துப் பேசிக்கொள்வார்கள். இரண்டு மணி அடித்தால், "வண்டி அனுப்பலாமா?" என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் இரண்டு மணி திரும்ப அடித்தால், "லைன் கிளியர், அனுப்பு." அடிக்கவில்லையென்றால் இடமில்லை. வண்டி அசையக் கூடாது.

கீழே நின்ற மில்லிமீட்டருக்கு இரண்டு மணி கேட்டது. பதில் இல்லை. பழக்கதோஷத்தில் மனசுக்குள் எண்ணினார். நாலு, பத்து, இருபது. மேலே ஒருவரும் அவசரப்படவில்லை. யாரோ இருமினார்கள். அவர் மனைவியின் குரல் கேட்டது.

"பொறுங்க, இங்க இன்னும் ஒரு வண்டி நிக்குது."

"பொறுத்தோம் அக்கா!" என்று பேக்கரிக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கழித்துப் பதில் மணி வந்தது. "உத்தரவு கிடைச்சாச்சு, கிளம்பு கிளம்பு!" என்று ஒரே ஆரவாரம்.

ஒரு வண்டியை அனுப்ப ஒரு நிமிஷமா! என்ன ஒழுங்கு இது என்று கரித்துக்கொட்டிக்கொண்டே நிமிர்ந்தால், ஜன்னலில் பேக்கரிக்காரர் தலை.

"அட, சாரா? கீழ ஏன் நிக்கறீங்க? மேல வாங்க!"

"ரொட்டி வாங்க வந்தேன்."

வாங்கவும் வாங்கினார். வீட்டில் ஏற்கனவே இரண்டு ரொட்டி இருந்தது. சாயங்காலம் மனைவி சமையலறையில் மூன்று ரொட்டியையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மணி சமாசாரத்தில் அவருக்கு வயிறு எரிய இன்னொரு காரணமும் இருந்தது. சங்கத்தில் முதன்முதலில் மணி வைத்தது அவர்தான். அவருடைய லேஅவுட்டின் பின்னால் வானம் வரைந்த பலகை ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால், பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில், வண்டிகள் காத்திருக்கும் யார்டு. முன்னால் நிற்பவர் மணி அடித்துக் கேட்டு, யார்டில் இருப்பவர் பதில் கொடுத்தால்தான் வண்டி வானத்துக்குப் பின்னால் போக வேண்டும். ஆனால் யார்டுக்கு அவர் யாரையும் நம்பி உட்காரவைக்கவில்லை. முன்னால் ஒரு வண்டி ஓட்டுவார், அரக்கப்பரக்கப் பின்னால் போய் அடுத்ததைத் தயார் செய்வார், திரும்ப முன்னால் ஓடிவருவார். பதினோரு நிமிஷம் ஆனதற்கு அட்டவணை மட்டும் காரணமில்லை.

அப்படியென்றால் பதில் மணியை யார் அடித்தது? அதற்கு ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். இவர் இரண்டு மணி அடித்தால், சரியாக நாலு விநாடி கழித்துப் பெட்டி இரண்டு மணி அடிக்கும். பதினோரு வருஷத்தில் அது ஒரு தடவைகூட இடமில்லை என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்லும்? அதற்கு அடிக்க மட்டும்தான் தெரியும்.

இந்த வருஷம் சங்கம் புது விதி போட்டது. "ரெண்டு ஆள் இல்லாத லேஅவுட்டுக்கு இடமில்லை சார்" என்று செயலாளர் கையைப் பிசைந்தார். "வண்டியே வர மாட்டேங்குதுன்னு போன வருஷம் ஜனங்க எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க." மில்லிமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னைப் போலவே பல்செட் செய்யும் நண்பர் ஒருவரைப் பிடித்து, ஒரு மாதம் பழக்கினார். மனைவியை ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? கேட்பதா? அவளே வந்து, "நான் வரட்டுமா" என்று சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவளாக வர வேண்டும், பேக்கரி மாடியை அவளாக விட வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவருக்கு. பரிசு கிரிசு எல்லாம் அப்புறம்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில். காலை எட்டு மணிக்குப் பலகைகளையெல்லாம் பூட்டி முடித்த நேரத்தில் நண்பரின் போன். ராத்திரியெல்லாம் வாந்தியாம், எழுந்திருக்க முடியவில்லையாம். மில்லிமீட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செயலாளர் ஓடிவந்தார்.

"மணி அடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். இருக்கறது ஒருத்தர்தான் சார்." தயங்கித் தயங்கி எதிர்ப்பக்கம் கை காட்டினார். "உங்க வீட்டம்மா. ஆனா அவங்க பேர் அந்த லேஅவுட்ல இருக்கு. அவரைத்தான் கேக்கணும்."

தாலி கட்டிய பெண்டாட்டியை வாங்கிக்கொள்ள இன்னொருத்தனிடம் அனுமதி! மில்லிமீட்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேக்கரிக்காரரோ அதையும் சிரித்துக்கொண்டே செய்தார்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க சார். என் தங்கச்சி இருக்கா, நாங்க சமாளிச்சுக்கறோம். ஆனா பத்திரமா திருப்பிக் குடுத்துடணும், ஆமா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுதான் சுருக்கென்றது.

அவள் வானப் பலகைக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேராக அந்தக் காகிதம், ஒன்பது வருஷத்தில் ஓரமெல்லாம் மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு விதியையும் நிதானமாகப் படித்தாள்.

"இப்ப தொடலாமா?" என்று கேட்டாள்.

"தொடாம எப்படி ஓட்டுவே" என்றார். அவள் கேலி செய்கிறாளா என்று தெரியவில்லை, முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. பதில் பெட்டியின் வயரைப் பிடுங்கி, மணிப் பொத்தானை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

முதல் ஒரு மணி நேரம் அவரே நம்பவில்லை. பதினோரு நிமிஷம் மூன்று நிமிஷமாயிற்று. ஒரு வண்டி உள்ளே போகும்போதே இன்னொன்று தயாராக நிற்கும். அடுத்தது எது என்று அவர் யோசிக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணி, இரண்டு மணி, வண்டி. கயிற்றுக்கு வெளியே மூன்று வரிசைக் கூட்டம். ஒரு பெண்மணி குனிந்து பார்த்து, "ஐயோ, சட்டையில பொத்தான் இருக்கு பாருங்க!" என்றாள். பதினோரு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை அது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, அங்கே காலிஃபிளவர் காட்டில் வீணடித்த கையை, இங்கே இருந்திருந்தால் இத்தனை நாளில்... என்று மனசு கணக்குப் போட்டது.

அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் வந்து கூட்டத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுப் பெண் மேடையில் ஆடுவதைப் பார்க்கிறவர் மாதிரி ஒரு பூரிப்பு.

"நான்தான் சொன்னேன்ல?" என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "அக்கா கை வச்சா எந்த லேஅவுட்டும் உயிரோட எழுந்துக்கும்."

மில்லிமீட்டர் திருகியிலிருந்து கையை எடுத்தார். அப்போ இத்தனை வருஷம் இது செத்தா கிடந்தது? பொத்தான் தைத்தது யார்? இவனா வந்து தைத்தான்? பொறு, காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவரிடம் ஒன்று மிச்சமிருந்தது. ராணி என்று பெயர் வைத்திருந்த கறுப்பு எஞ்சின். பித்தளைத் தகட்டிலிருந்து ஒவ்வொரு ஆணியாக அவரே அடித்துச் செய்தது, நாலு வருஷ உழைப்பு. பெட்டியைத் திறந்து தண்டவாளத்தில் வைத்தார். கூட்டம் "ஆ" என்றது. பேக்கரிக்காரரும் வாயைப் பிளந்தார். மில்லிமீட்டருக்கு அந்த வாயைப் பார்க்க அவ்வளவு இனிப்பாக இருந்தது.

பேக்கரிக்காரர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே மில்லிமீட்டர் இரண்டு மணி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திருகியைத் திருப்பினார்.

ராணி கம்பீரமாகக் கிளம்பியது. பிளாட்பாரத்தைத் தாண்டியது, பாலத்துக்கு அடியில் புகுந்தது, வானத்துக்குப் பின்னால் மறைந்தது. அப்புறம் ஒரு சத்தம். சாமான் போட்டு வைத்த தட்டு சரிந்த மாதிரி. அதற்குப் பின்னால் தரையில் ஏதோ விழுந்து உருண்டது.

அவர் பாய்ந்து பின்பக்கம் போனார். யார்டின் வாயிலில் கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றது, அவள் அதை அப்போதுதான் ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ராணி அதன் வயிற்றில் இடித்து, பலகை விளிம்பைத் தாண்டித் தரையில் கிடந்தது. புகைபோக்கி தனியாக, முன்சக்கரம் தனியாக. மில்லிமீட்டர் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை அள்ளினார்.

"கை என்னாச்சு அக்கா?"

பேக்கரிக்காரர் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டிருந்தார். மில்லிமீட்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். விழுகிற எஞ்சினைப் பிடிக்கப்போய் அவளுடைய உள்ளங்கை கிழிந்திருந்தது. ஆள்காட்டி விரலடியிலிருந்து மணிக்கட்டு வரை ரத்தக் கோடு. பேக்கரிக்காரர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிச் சுற்றிக்கொண்டாள்.

முதலில் கையைப் பார்த்திருக்க வேண்டியது யார்? மில்லிமீட்டருக்கு அது தெரிந்தது. தெரிந்ததால்தான் கத்தினார்.

"ஏன் பதில் குடுக்கல நீ? ரெண்டு மணி அடிச்சேனே, காதுல விழலையா?"

"விழுந்துது" என்றாள். "இடமில்லை. இடமில்லன்னா அடிக்கக் கூடாது. நாலாவது விதி, நீங்க எழுதினதுதான்." பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"நான் நாலு எண்ணினேனே..."

"நாலு எண்ணிட்டு அனுப்பலாம்னு எங்க எழுதியிருக்கு?"

பெட்டி நாலு விநாடியில் அடிக்கும் என்று சொல்ல முடியுமா? செயலாளர், கூட்டத்தில் முன்வரிசை, எல்லாரும் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரர், நல்ல மனிதர், "நான் பஞ்சு வாங்கிட்டு வரேன்" என்று மெதுவாக நழுவினார். அந்த நல்லதனத்தின் மேலும் மில்லிமீட்டருக்குப் பொறாமையாக இருந்தது. நாற்பது பேர் பார்க்க ஒரு மனிதன் எப்போது போக வேண்டும் என்று தெரிந்து போவது லேசான காரியமில்லை.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர் நல்லா சிரிக்கறாருன்னு நான் அங்க போகலை. கேக் குடுக்கறாருன்னும் போகலை. அங்க நான் மணி அடிக்கற வரைக்கும் ஒருத்தரும் கையை அசைக்க மாட்டாங்க. அதுக்காகப் போறேன். கிளினிக்லகூட யாரும் எனக்காகக் காத்திருக்கறதில்ல."

அவர் கையில் ராணியின் புகைபோக்கி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரி, எடுத்து வைங்க அதை" என்றாள். "ஜனங்க நிக்கறாங்க. கூட்ஸை நான் சரி பண்ணிடறேன். ரெண்டாம் நம்பர் பயணிகள் வண்டிக்கு மணி அடிங்க."

"கை வலிக்கலையா?"

"வலிக்குது. போங்க."

முன்னால் போய் நின்றார். இரண்டு மணி அடித்தார். நாலு விநாடி ஆயிற்று. விரல் தானாகத் திருகிக்குப் போயிற்று, இழுத்துக்கொண்டார். பத்து. இருபது. முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்துக்குப் பின்னால் சக்கரங்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கையால் அவள் ஒவ்வொரு வேகனாகத் தூக்கி வைக்கிறாள். போய் உதவலாமா என்று தவித்தார், கூப்பிடாமல் போகக் கூடாது என்று நின்றார். அப்படிச் சும்மா நிற்பது அவர் செய்த எந்த வேலையைவிடவும் கஷ்டமாக இருந்தது. ஐம்பது விநாடிக்கு மேல் ஆகியிருக்கும், இரண்டு மணி வந்தது.

சாயங்காலம் ஐந்து மணி வரை அப்படியே ஓட்டினார்கள். அவர் ஒரு முறைகூட முந்தவில்லை. பரிசு பேக்கரிக்காரருக்குத்தான் போயிற்று. மேடையில் அவர், "இது எங்க அக்காவுக்கும் சேர்த்து" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். கூடம் முழுக்கத் திரும்பி, கையில் கட்டுப்போட்டு நின்ற அவளைப் பார்த்துக் கைதட்டியது. மில்லிமீட்டரும் தட்டினார். வயிறு எரிந்துகொண்டேதான் தட்டினார்.

கூட்டம் கலைந்தபின் பலகைகளைக் கழற்றும் வேலை. அவள் ஒரு கையால் வேகன்களைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் அடுக்கினாள், இவர் ஆணி கழற்றினார். எதிர்ப்பக்கம் பேக்கரிக்காரர் கும்பல் பாட்டும் கூச்சலுமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, நாளைக்கு லீவு விட்டுக்கங்க, கை ஆறட்டும்! அடுத்த ஞாயிறு பாப்போம்!" என்று ஒரு குரல் வந்தது. அவள் கட்டுப்போட்ட கையை ஆட்டினாள்.

"அடுத்த ஞாயிறு போகாதேன்னு சொன்னா?" என்றார் மில்லிமீட்டர், ஆணியைப் பார்த்தபடி.

"போவேன்."

அதற்குமேல் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஒரு வருஷமாகத் தெரிந்திருந்தது. இரண்டு ஆணியைக் கழற்றினார். மூன்றாவது ஆணி கீழே விழுந்து உருண்டது, அதைத் தேடி எடுக்கவில்லை.

"என்கூட ஓட்ட வர்றியா?"

அவள் கையிலிருந்த வேகனைக் கீழே வைத்தாள். உடனே பதில் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்தாள், வாரத்தில் எந்த நாள் கிளினிக் சீக்கிரம் முடியும், எந்த நாள் துணி துவைக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. மில்லிமீட்டர் கையை அசைக்காமல் நின்றார்.

"சனிக்கிழமை வரேன்" என்றாள். "ஞாயிறு அங்கதான்."

ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் அந்தக் காலிஃபிளவர்காரனுக்கு. பதினோரு வருஷப் பொத்தானுக்கும் ஒரு வருஷ வெனிலாவுக்கும் ஒரே பங்கு. நியாயமா இது? நியாயமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை ஒன்று கேட்டு, அவள் யோசித்துப் பதில் சொல்லும் வரை நின்றது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் உறைத்தது.

"சரி" என்றார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"நான் சொல்றேன்" என்றாள் அவள்.